முழுகுமுன் பார்த்துவிடுங்கள்

பத்திராசல யாத்திரைக்கு ஆள் சேர்க்கும் ஒருவர் என் கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைத் திணித்தார். அதன் தலையில் சிவப்பு எழுத்தில், "முழுகுமுன் பார்த்துவிடுங்கள்!" என்று அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே பாபிகொண்டலு மலைகளும், நடுவே கோதாவரியும், கோதாவரியில் ஒரு வெள்ளைப் படகும் பல வர்ணங்களில் இருந்தன. படகில் ஒரு பகல். காலைப் பலகாரம், மத்தியானச் சாப்பாடு, மாலைச் சிற்றுண்டி, வழி நெடுக ஆடல் பாடல் எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம்.

"எது முழுகுமுன்?" என்று நான் அப்போது கேட்கவில்லை. ஜவுளிக் கடை வாசலில் 'இன்றே கடைசி' என்ற பலகையைக் கண்டவன் உள்ளே நுழைவதுபோல் நுழைந்து பணத்தைக் கட்டிவிட்டேன். இந்தக் கட்டுரையில் நான் பல பேர்மேல் குற்றம் சொல்லப் போகிறேன். ஆகையால் முதல் குற்றவாளி யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். அவன் நானே.

தை மாதம். பொங்கல் முடிந்து பத்து நாள். ராஜமகேந்திரவரத்தில் விடியற்காலையில் எங்களை எழுப்பி ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். முன்பெல்லாம் அந்த ஊர்ப் படித்துறையிலேயே படகு ஏறிவிடலாமாம். இப்போது நடுவில் போலவரம் அணை எழும்பிக்கொண்டிருப்பதால், பஸ்ஸிலே அணையைத் தாண்டிப் போய், கண்டி போசம்மா என்ற கிராம தேவதையின் கோவிலருகே படகு ஏற வேண்டும். அம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு இரண்டு தட்டுப் படகில் ஏறினோம். மேல் தட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகள், நான்கு மூலையிலும் நான்கு ஒலிபெருக்கிகள், நடுவே ஆடுவதற்கு இடம்.

எங்கள் கூட்டத்தில் தமிழர்கள் இருபது பேருக்குமேல் இருந்தோம். மாம்பலத்திலிருந்து ஓய்வு பெற்ற பாங்கு அதிகாரி ஒருவர், அவர் மனைவி, கோயமுத்தூர்த் தம்பதிகள் இருவர், ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, கைப்பேசியைக் கண்ணிலிருந்து எடுக்காத அவளுடைய தம்பி. எல்லோரும் நல்லவர்கள். இதை நான் உபசாரத்துக்காகச் சொல்லவில்லை. மாம்பலத்து மாமி தன் பையிலிருந்த முறுக்கை முகந்தெரியாத குழந்தைகளுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பாங்கு அதிகாரி ஒரு கிழவருக்குத் தம் நாற்காலியை விட்டுக்கொடுத்துவிட்டு நின்றார். கெட்டவர்கள் கூடிச் செய்யும் கெடுதலைப்பற்றி எழுதுவது சுலபம். நல்லவர்கள் கூடி ஒரு நாள் முழுவதும் ஒன்றையுமே பாராமல் திரும்பி வருவதைப்பற்றித்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

ஏறியவுடன் ஆளுக்கு ஓர் ஆரஞ்சு நிற உயிர்காப்பு அங்கி கொடுத்தார்கள். பணியாள் ஒருவன் எல்லோரையும் கெஞ்சி அணியச் சொன்னான். பத்து நிமிஷம் அணிந்திருந்தோம். படகு நடுவாற்றுக்குப் போனதும் ஒவ்வொன்றாகக் கழன்றது. "புழுங்குகிறது" என்றார் ஒருவர். "போட்டோவில் நன்றாயில்லை" என்றாள் ஒரு பெண். சாய்ந்துகொள்ள அது மிகவும் வசதியாக இருந்தது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு ஒலிபெருக்கி விழித்துக்கொண்டது. விழித்தது, மாலை ஐந்து மணி வரையில் தூங்கவேயில்லை.

கோதாவரி நம் நாட்டிலேயே கங்கைக்கு அடுத்த நீளமான நதி. நாசிக்கை அடுத்த திரியம்பகத்தில் பிறந்து 1465 கிலோ மீட்டர் நடந்து வருகிறாள். அத்தனை தூரம் வந்தவள் பேசுவதற்கு ஏதாவது இருக்காதா? மலையிடுக்கில் தண்ணீர் நகரும் சத்தம், கரையில் மாட்டு மணி, தூரத்தில் யாரோ யாரையோ கூப்பிடும் குரல்... எதுவும் எங்கள் காதில் விழவில்லை. சென்னையிலே எதிர்வீட்டுக் கல்யாணத்தில் கேட்கிற அதே பாட்டு. அதே பாட்டைக் கேட்க இருநூறு காத தூரம் பணம் கட்டி வந்திருந்தோம்.

தேவிபட்டணம் வந்தது. அதை 'வந்தது' என்று சொல்வதே தவறு. ஒரு காலத்தில் அது ஒரு மண்டலத்தின் தலைமை ஊர். 2021-ஆம் வருஷம் அணை வேலைக்காக நதிக்குக் குறுக்கே தற்காலிக அணை எழும்பியது. நதியின் போக்கைப் புதிய மதகுகளின் வழியே திருப்பினார்கள். மேல்புறத்தில் நீர்மட்டம் ஏறிற்று. ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். நான் பார்த்தது கூரையில்லாத சுவர்களையும், சுவரிலே ஆள் உயரத்துக்குமேல் வண்டல் இட்டிருந்த கோட்டையும்தான். ஒரு வீட்டு வாசலில் துளசி மாடம் மட்டும் சரிந்து நின்றது. பக்கத்துச் சுவரில் யாரோ ஒரு பையன் கரியால் வரைந்த மூன்று ஸ்டம்புகள் பாதி அழிந்து தெரிந்தன.

படகில் விவரம் சொல்பவர் ஒலிபெருக்கியில், "இடது பக்கம் கொக்குகளைப் பாருங்கள்!" என்றார். இடது பக்கம் திரும்பினோம். கொக்குகள் அழகாகத்தான் இருந்தன. வலது பக்கத்தில் ஊர் கடந்து போயிற்று.

அந்த மனிதரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் சம்பளக்காரர். துக்கத்தைக் காட்டினால் பிரயாணிகள் முகம் சுளிப்பார்கள் என்று அவருக்கு அநுபவம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. வாங்குகிறவனுக்குப் பிடித்த சரக்கைத்தான் கடைக்காரன் எடுத்து வைப்பான். கொக்கைக் கேட்டவர்கள் நாம்.

இன்னும் சிறிது நேரத்தில் மலைகள் கிட்டே வந்தன. அங்கே ஓரிடத்தில் சுக்கான் பிடித்தவர் வேகத்தைக் குறைத்தார். வயசானவர், தலையில் துண்டு கட்டியிருந்தார். அந்தத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடியே மற்றொரு கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். கோவில் ஏதாவது இருக்கிறதா என்று கரையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் அவரிடம் கேட்டேன். "கச்சுலூரு" என்று ஒரே வார்த்தை சொன்னார்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. 2019 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. எங்களைப்போலவே பலகாரம் சாப்பிட்டு, எங்களைப்போலவே பாட்டுக் கேட்டுக்கொண்டு எழுபதுக்குமேற்பட்டவர்கள் ஒரு படகில் இந்த இடத்துக்கு வந்தார்கள். நதியில் அன்றைக்கு விநாடிக்கு ஐந்து லட்சம் கன அடி வெள்ளம். சுழலில் சிக்கிப் படகு கவிழ்ந்தது. பிழைத்தவர்கள் 26 பேர்; மற்றவர்களைக் கோதாவரி வைத்துக்கொண்டாள். பலர் உயிர்காப்பு அங்கியைக் கழற்றி வைத்திருந்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. முழுகிய படகை வெளியே எடுக்க ஒரு மாதத்துக்குமேல் ஆயிற்று.

அந்த 26 பேர் எப்படிப் பிழைத்தார்கள்? இதைத்தான் வாசகர்கள் மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும். கரையில் இருந்த மலைவாசிகள் சத்தத்தைக் கேட்டுத் தங்கள் சிறு படகுகளைத் தள்ளிக்கொண்டு அந்த வெள்ளத்தில் பாய்ந்தார்கள். கைக்கு அகப்பட்டவர்களை இழுத்துப் போட்டார்கள். போலீஸும் ஹெலிகாப்டரும் பிறகு வந்தன. முதலில் வந்தது கரையில் நின்றவர்கள். உல்லாசப் பிரயாணிகள் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு கடந்துபோகிற, அந்தப் படத்தில் மலைக்கும் மரத்துக்கும் நடுவே புள்ளியாய் விழுகிற அதே ஜனங்கள்.

ஒலிபெருக்கி கச்சுலூரைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நேரம் மேல் தட்டில் ஆட்டம் ஆரம்பமாகியிருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் என் அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டேன். பள்ளிக்கூட ஆசிரியை என்னைப் பார்த்தாள். "என்ன ஸார், பயமா?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறிற்று. தம்பியைக் கூப்பிட்டு அவனுக்கு முதலில் மாட்டி முடிச்சுப் போட்டாள். பிறகு தானும் போட்டுக்கொண்டாள். சொன்னால் கேட்கிறவர்கள்தான் நம்முடைய ஜனங்கள். சொல்கிறவன்தான் இல்லை.

இனிப் பாபிகொண்டலு. பெண்கள் தலையில் எடுக்கும் வகிட்டைத் தெலுங்கில் 'பாபிடி' என்கிறார்கள். மலைக்கூந்தலை இரண்டாகப் பிரித்து நதி வகிடு எடுத்தாற்போல் இருப்பதால் இந்தப் பெயர் என்று அங்கே சொல்கிறார்கள். ராஜமகேந்திரவரத்தில் சமுத்திரம்போல் அகன்று கிடக்கிற கோதாவரி இங்கே தோளை ஒடுக்கிக்கொண்டு போகிறாள். இரு பக்கமும் மூங்கில் காடு. ஒரு திருப்பத்தில் முன்னே வழியே இல்லை, மலை மூடிவிட்டது என்று தோன்றுகிறது. நெருங்கினால் மலை விலகிக் கதவு திறக்கிறது. அழகு என்பது இதுதான் என்று ஒருவன் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். அழகை ரசிப்பது பாவம் என்று சொல்ல நான் சந்நியாசி அல்ல. நாவல் எழுதிப் பிழைப்பவன்.

என் சண்டை அழகோடு அல்ல. அழகை ஆள் இல்லாத இடமாக்கி விற்பதோடு.

அந்த மலைகளில் ஆள் இருக்கிறார்கள். கொண்டரெட்டிகள், கோயர்கள் என்ற பழங்குடி மக்கள். 1941-இல் கிறிஸ்டோஃப் ஃபான் ஃபியூரர்-ஹைமண்டார்ஃப் என்ற ஆஸ்திரிய மானிடவியல் அறிஞர் இவர்களோடு வந்து தங்கினார். 1945-இல் இவர்களைப்பற்றியே ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். மலைச்சரிவில் காட்டை வெட்டிச் சாகுபடி செய்வதையும், மூங்கில் வெட்டுவதையும், வியாபாரிகளிடம் கடன்பட்டு மீள முடியாமல் தவிப்பதையும் அதில் விரிவாக எழுதியிருக்கிறார். இது ஏதோ அந்நிய தேசத்துச் சமாசாரம் என்று நாம் ஒதுக்கவும் வழியில்லை. 1953-இல் ஆந்திர ராஜ்யம் பிரியும்வரையில் கோதாவரி ஜில்லாக்களுக்குத் தலைநகரம் நம் சென்னைதான். 1922-இல் அல்லூரி சீதாராம ராஜுவின் தலைமையில் இந்தப் பக்கத்து மலைவாசிகள் கிளர்ந்து எழுந்தபோது, அவர்களை அடக்கும் உத்தரவுகளும் கோட்டையிலிருந்துதான் போயின. எங்கிருந்தோ வந்த ஓர் ஆஸ்திரியருக்குத் தெரிந்த மனிதர்கள், நூறு வருஷத்துக்குமேல் ஒரே ராஜதானியில் கூட இருந்த நமக்குக் கண்ணில் படவில்லை.

பகல் பன்னிரண்டு மணிக்குப் பேரண்டபள்ளியில் படகைக் கட்டினார்கள். முனிவாடம் என்று ஓர் ஆசிரமம், ஒரு சிவன் கோவில், மலையிலிருந்து இறங்கும் சிற்றோடை. "முப்பது நிமிஷம்!" என்று உத்தரவாயிற்று. பாதை ஓரத்தில் கொண்டரெட்டிப் பெண்கள் மூங்கிலைச் சீவிச் செய்த பூங்கொத்துகளையும் பூ ஜாடிகளையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூங்கிலை இழை இழையாகச் சீவி, நுனியைச் சுருட்டி, சாயம் தோய்த்த பூக்கள். ஒரு கொத்து நூறு ரூபாய்.

"அறுபதுக்குக் கொடு" என்றார் கோயமுத்தூர்க்காரர். படகுக் கட்டணம் ஆயிரத்துக்குமேல். அதில் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. அங்கே விலை அச்சடித்திருந்தது. இங்கே விலையைச் சொன்னவள் ஓர் ஏழைப் பெண். எழுபதுக்கு முடிந்தது. வாங்கியவர் கொத்தைக் கையில் பிடித்து, அந்த அம்மாளைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். அவளுடைய பெயரைக் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நான் ஒரு ஜாடி வாங்கிக்கொண்டு, "அம்மா, உங்களுக்கு இதே ஊரா?" என்று பேச்சுக் கொடுத்தேன்.

"இல்லை, மேலே. நாற்பத்தொன்றுக்கு மேலே" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. கூட இருந்த இளைஞன் ஒருவன் விளக்கினான். அணை நிரம்பினால் தண்ணீர் எதுவரை ஏறும் என்று எஞ்சினீயர்கள் மலைச்சரிவில் கோடு கணக்கிட்டிருக்கிறார்கள். கான்டூர் என்று அதற்குப் பெயர். கடல் மட்டத்துக்குமேல் 41.15 மீட்டர் வரையில் உள்ள ஊர்களுக்கு முதல் கட்டத்தில் மாற்று வீடு. முழுக் கொள்ளளவான 45.72 மீட்டர் வரையில் உள்ளவர்களுக்குப் பிறகு. அந்த அம்மாளின் குடிசை இரண்டு கோடுகளுக்கும் நடுவில். போகவும் முடியாது, இருக்கவும் முடியாது. கலியாணமான பெண் புருஷன் வீட்டைச் சொல்வதுபோல், அவர்கள் இப்போது ஊர் பெயரை விட்டுவிட்டுக் கோட்டின் இலக்கத்தைச் சொல்லிப் பழகிவிட்டார்கள்.

"இரண்டாம் கோடுதானே? இப்போது தண்ணீர் வராதே?" என்றேன்.

அவள் சிரித்தாள். "தண்ணீருக்கு எழுதப் படிக்கத் தெரியுமா, ஐயா?" என்றாள்.

2022 ஜூலையில் வந்த வெள்ளத்தைத்தான் அவள் சொன்னாள். பத்திராசலத்தில் நதி 71 அடிக்குமேல் ஏறிய வெள்ளம் அது. முதல் கோடு, இரண்டாம் கோடு என்று பாராமல் ஊர் ஊராக உள்ளே புகுந்தது. ஜனங்கள் மலைமேல் ஏறித் தார்ப்பாய் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். அணைக்காக நிலம் எடுத்தால், தண்ணீர் ஏறுவதற்கு ஆறு மாதம் முன்னாலேயே புனர்வாழ்வு வேலை முடிந்திருக்க வேண்டும் என்று 2013-ஆம் வருஷத்து நிலமெடுப்புச் சட்டம் சொல்கிறது. சட்டத்துக்கு எழுதப் படிக்கத் தெரியும். தண்ணீருக்குத்தான் தெரியவில்லை.

சங்கு ஊதிற்று. முப்பது நிமிஷம் ஆகிவிட்டது. நான் எழுந்தபோது அந்த அம்மாள் மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டாள். யாத்திரை வந்தவனை யாரும் கேட்கிற கேள்விதான். ஆனால் அவள் கேட்ட விதம் வேறு.

"உங்கள் ஊர் எந்தக் கோட்டில் இருக்கிறது?"

உலகத்தில் எல்லா ஊருக்கும் ஒரு கோடு உண்டு என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் பதில் சொல்லாமல் படகுக்கு ஓடினேன். நாவலாசிரியன், வார்த்தையால் வயிறு வளர்ப்பவன். ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

திரும்பும் வழியில் பாங்கு அதிகாரியிடம் இதைச் சொன்னேன். அவர் படித்தவர், விஷயம் அறிந்தவர். என்னோடு வாதாடினார். அவருடைய வாதத்தை நான் குறைத்து எழுதப்போவதில்லை.

"ஸார், ஏழு லட்சம் ஏக்கருக்குமேல் புதிதாகப் பாசனம். 960 மெகாவாட் மின்சாரம். விசாகப்பட்டினத்துக்குக் குடிதண்ணீர். கிருஷ்ணா டெல்டாவுக்கு எண்பது டி.எம்.சி. வீணாகக் கடலுக்குப் போகிற தண்ணீர். ஆர்தர் காட்டன் துரை 1847-லிருந்து 1852 வரையில் தவளேஸ்வரத்தில் அணைக்கட்டுக் கட்டாமல் இருந்திருந்தால் இந்தக் கோதாவரி ஜில்லாக்கள் பஞ்சத்தில் செத்திருக்கும். இன்றைக்கும் அவரைத் தெய்வமாய்க் கும்பிடுகிறார்கள். நாட்டுக்கு நல்லது நடக்க வேண்டுமானால் சில பேர் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்."

காட்டனை நான் குறைத்துப் பேசமாட்டேன். அவர் கோதாவரிக்குப் போகுமுன் நம் கொள்ளிடத்தில் 1836-இல் அணைகள் கட்டித் தஞ்சாவூரை வாழ வைத்தவர். நான் மன்னார்குடிக்குக் கிழக்கே பிறந்தவன். ஆனால் காட்டன் கட்டியது ஆற்றின் குறுக்கே கிடந்து தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்புகிற தாழ்ந்த அணைக்கட்டு. மலைகளுக்கு நடுவே நீரைத் தேக்கி ஊர்களை உள்ளே வைத்து மூடுகிற அணை அல்ல. இரண்டுக்கும் ஒரே மாலையைப் போடக் கூடாது.

இரண்டாவது, 'விட்டுக்கொடுக்க வேண்டும்' என்கிறோமே, அந்த வார்த்தையைச் சற்றே யோசியுங்கள். பாங்கு அதிகாரி கிழவருக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்தார். அது விட்டுக்கொடுத்தல். கிழவர் அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டு, "தியாகம் செய்த உமக்கு நன்றி" என்று சொல்லியிருந்தால் அதற்கு வேறு பெயர். போலவரத்தில் இடம் பெயர வேண்டியவர்கள் சர்க்கார் கணக்குப்படியே ஏறக்குறைய ஒரு லட்சம் குடும்பம். அவர்களில் பெரும் பகுதி பழங்குடி மக்கள். பாசனம் பெறும் வயல் அவர்களுடையது அல்ல. மின்சாரத்தில் ஓடும் தொழிற்சாலையும் அவர்களுடையது அல்ல. நஷ்டம் ஒரு பக்கம், லாபம் ஒரு பக்கம் என்று இருக்கும்போது, லாபக்காரன் எழுந்து 'தியாகம்' என்று சொல்வதைப் போன்ற அநாகரிகம் வேறு இல்லை. அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை கொடுத்தவனுக்கு உண்டு, வாங்கினவனுக்கு இல்லை.

"அப்படியானால் அணையே வேண்டாம் என்கிறீர்களா?" என்றார் அவர்.

அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மேட்டூர் அணை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. 120 அடி வரையில் தண்ணீர், 93.47 டி.எம்.சி. அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லைத்தான் என் தகப்பனார் விற்று என்னைப் படிக்க வைத்தார். அந்த நீருக்கு அடியிலும் ஊர்கள் இருக்கின்றன. கோடையில் மட்டம் இறங்கினால் பண்ணவாடிப் பக்கத்தில் பழைய ஜலகண்டேசுவரர் கோவில் நந்தி தலையைத் தூக்குகிறது. மாதா கோவில் கோபுரம் எழுந்து நிற்கிறது. ஜனங்கள் பரிசலில் போய்ப் பார்த்துவிட்டு மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். நானும் போயிருக்கிறேன். 'நீரிலிருந்து எழுந்த நந்தி, காலத்தின் மோனத் தவம்' என்று ஒரு பத்திரிகையில் அழகாக ஒரு வாக்கியமும் எழுதினேன். அந்த நந்திக்குத் தினமும் விளக்கு வைத்தவர்கள் எங்கே போனார்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் அந்த வாக்கியம் அவ்வளவு அழகாக வந்திராது.

ஆகவே கோயமுத்தூர்க்காரர் முப்பது ரூபாய் பேரம் பேசியதைக் காட்டிலும் என் குற்றம் பெரியது. அவர் உயிரோடு இருக்கும் ஒருத்தியிடம் பேரம் பேசினார். நான் ஓர் ஊரையே ஓர் உவமைக்கு விற்றேன்.

"சரி ஸார், நாங்கள் வந்தது நாலு நாள் கவலையை மறந்து சந்தோஷமாக இருக்க. இதையெல்லாம் நினைத்து அழவா?" என்று கோயமுத்தூர்க்காரர் குறுக்கிட்டார். நியாயமான கேள்வி. வருஷம் முழுவதும் உழைத்தவர், குழந்தைகளைப் பிரிந்து வந்தவர். அவரை அழச் சொல்ல நான் யார்?

அழச் சொல்லவில்லை. அழுகை சுலபமான காரியம். அதைப் படகிலேயே முடித்துவிட்டுக் கை கழுவிவிடலாம். நான் கேட்பது அதைவிடச் சிறியது, அதைவிடக் கடினமானது. ஒலிபெருக்கியை ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். பணம் கட்டியவர்கள் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் நிறுத்துவார்கள். தேவிபட்டணம் வரும்போது, "இது என்ன ஊர், இவர்கள் எங்கே?" என்று உரக்கக் கேளுங்கள். கேள்வி வந்தால் அடுத்த பயணத்தில் பதிலும் வைத்திருப்பார்கள்; சரக்கு மாறுவது வாங்குபவன் கையில் இருக்கிறது. கச்சுலூரில் அங்கியை மாட்டிக்கொள்ளுங்கள். மூங்கில் பூவுக்குச் சொன்ன விலையைக் கொடுங்கள். ஊருக்குத் திரும்பியதும், 'அற்புதமான இடம், முழுகுமுன் போய்ப் பாருங்கள்' என்று சொல்வதற்குப் பதிலாக, 'அங்கே ஒரு லட்சம் குடும்பம் வீடு கேட்டு நிற்கிறது' என்று நாலு பேரிடம் சொல்லுங்கள். அணை முடியலாம், முடியட்டும். தண்ணீருக்கு முன்னால் வீடு முடிய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சட்டத்தை நிறைவேற்றச் சொல்லுவது ராஜத்துரோகம் அல்ல.

இந்தப் பிரசுரத்தின் வாக்கியத்தை மறுபடி படித்துப் பாருங்கள். பக்கத்து வீடு பற்றி எரியும்போது ஒருவன் தெருவில் நின்று, "எரிந்து முடியுமுன் வந்து பார்த்துவிடுங்கள்" என்று டிக்கெட் விற்றால் அவனை நாம் என்ன செய்வோம்? இங்கே நெருப்புக்குப் பதில் தண்ணீர். தண்ணீர் மெதுவாக ஏறுகிறது. ஆகையால் நடுவில் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நேரம் இருக்கிறது.

நாங்கள் முழுகியபோது அவர்கள் ஓடத்தோடு வந்தார்கள். அவர்கள் முழுகும்போது நாங்கள் கைப்பேசியோடு போகிறோம். மாலை ஐந்து மணிக்குக் கண்டி போசம்மா கோவிலில் இறங்கியபோது எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. பாங்கு அதிகாரி என்னோடு அப்புறம் வாதாடவில்லை. பஸ்ஸில் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த நாற்பத்தொன்று என்ன ஸார், மீட்டரா, அடியா?" என்று கேட்டார். "மீட்டர்" என்றேன். ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் குறித்துக்கொண்டார். அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டாயிற்று.

மூங்கில் ஜாடி என் மேஜைமேல் இருக்கிறது. வருகிறவர்கள், "அழகாயிருக்கிறதே, எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்கிறார்கள். "இரண்டு கோட்டுக்கு நடுவில்" என்று சொல்கிறேன். விளங்காமல் விழிக்கிறார்கள். அவர்களை உட்காரவைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்கிறேன்.

அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கும் இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். "அம்மா, என் ஊர் கோட்டுக்கு இந்தப் பக்கம். உங்களைப்போல் யாரோ எழுந்து போனதால் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. அவர்களுடைய பெயர்கூட எனக்குத் தெரியாது."